முப்பத்தேழாம் சீட்டு

மேசையைக் கேட்டியில் வாங்கினேன்,
மிஷன் பங்களாவைக் காலி செய்த ஏலத்தில்.
நானூறு ரூபாய். ஒரு கால் குட்டை.
இழுப்பறையின் அடித்தாளோடு ஒட்டிக் கிடந்தது
உள்ளங்கையில் அடங்கும் ஒரு நோட்டு.
முன்புறம் இரண்டு கோபுரம், நடுவில் வாசல்.
பின்புறம் முள்ளங்கியா டர்னிப்பா என்று
சொல்ல முடியாத கிழங்கு.
முள்வேலி போல எழுத்து.
எனக்குப் புரிந்தது ஐம்பதும் 1921ம்.

போதகர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படித்தார்:
'ஜெர்மனியில் பழைய நகரம் ஒன்று.
யுத்தம் சில்லறையைத் தின்றுவிட
ஊரே அச்சடித்துக்கொண்ட அவசரப் பணம்.
இன்ன தேதிக்குமேல் செல்லாது என்று
அதன் வாயாலேயே சொல்கிறது பார்.'
சிரித்தேன்.
எங்கள் பேரூராட்சி
தண்ணீர் வரி ரசீதைக்கூடத் தப்பில்லாமல் அடித்ததில்லை.

பிறகு அந்த ஐப்பசி இருபத்து மூன்று, இரவு எட்டு மணி.
இலைக்காசு என்று பெட்டியில் வைத்த தொண்ணூறாயிரம்
வெறும் தாளாயிற்று.
காலையில் டானிங்டன் வங்கி வாசலில்
குடை வரிசை வளைவைத் தாண்டியிருந்தது.
கொழுந்துக்கு இதெல்லாம் தெரியாது.
பறிக்காவிட்டால் முற்றும்,
மூட்டையில் வைத்தால் சூடேறும்.

மேசையில் உட்கார்ந்து நானே ரிசர்வ் வங்கியானேன்.
மகளின் பழைய நோட்டு அட்டையை வெட்டி,
ஜெர்மன்காரனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு
அவன் ஒழுங்கிலேயே: இலக்கம், தொகை, கெடு.
கிழங்குக்குப் பதில் இரண்டு இலை ஒரு மொட்டு வரைந்தேன்,
கட்சிச் சின்னமாகிவிடும் என்று கிழித்தேன்.
தராசு வரைந்தேன்.
'கொண்டு வருபவருக்கு ஐம்பது ரூபாய்ச் சாமான்.
டிசம்பர் 31க்குப் பின் செல்லாது.'

மொய்துட்டி காக்கா சீட்டை வெளிச்சத்தில் தூக்கி
'காந்தி எவிடே?' என்றார்.
அப்புறம் கல்லாவில் போட்டார்.

சலூனுக்குப் போன ஒன்று முடியோடு திரும்பியது.
இன்னொன்றில் சுண்ணாம்பு விரல்.
ஒன்றின் முதுகில் யாரோ
ஏழாம் வாய்பாட்டைத் தப்பாக எழுதியிருந்தார்கள்.
சோலூர்மட்டம் வரை பஸ்ஸில் போயிற்று என் கையெழுத்து,
நான் இல்லாமல்.

மார்கழியில் பணம் வந்தது.
நூற்றி இருபதில் நூற்றுப் பத்தொன்பதை மீட்டு
வெந்நீர் அடுப்பில் போட்டேன்.

முப்பத்தேழு பரிபூரணத்திடம் இருந்தது.
அட்டனில் பிறந்தவள், பத்து வயதில் கப்பலேறியவள்,
மண்டபம் முகாமில்
அப்பாவின் சட்டைப்பை நோட்டுகளை ஒருத்தன்
பாதி விலைக்கு எண்ணி வாங்கியதைப் பார்த்தவள்.
கால் ஏக்கர் குத்தகை.
'மாத்தலையா? கெடு முடியுது.'
'உங்க கெடுதானே' என்றாள்.

தை. பனி சொட்டும் இலை.
நூற்றுக்குப் பத்து தண்ணிக் கழிவு என்று
பேனாவை எடுத்தேன்.
ஆறுதான் நியாயம், எனக்குத் தெரியும்.
சத்தமில்லாமல் சொன்னாள்:
'முப்பத்தேழு எங்கிட்ட இருக்கு.'
வரிசை முழுக்க என்னைப் பார்த்தது.
ஆறு என்று எழுதினேன்.
அவளுக்கு எழுதியதை அடுத்தவனுக்கு மாற்ற முடியவில்லை.

ஏழு வருடம். இப்போதெல்லாம் சொல்வதுகூட இல்லை,
முந்தானை முடிச்சைத் தொடுவாள், அவ்வளவுதான்.
அந்த ஐம்பது எனக்கு
எத்தனை ஆயிரமாயிற்று என்று கூட்டுவதை விட்டுவிட்டேன்.
சில ராத்திரி இழுப்பறையைத் திறப்பேன்.
இதை மாற்றாமல் கடல் கடந்து கொண்டுவந்தவர்
மறந்தாரா, பிடித்து வைத்தாரா?
அங்கே எந்த அதிகாரி
யார் வருவார் என்று
கடைசி வரை வாசலைப் பார்த்திருந்தான்?

நேற்று வாங்கியே விடுவதென்று
புது ஐந்நூறு ஒன்றை நீட்டினேன்.
வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
கொடுத்துவிட்டாள்.
'இதுல கெடு போடலியே. எப்ப சாவும்னு யாருக்குத் தெரியும்?
மூட்டையை ஏத்துங்க.'

தராசின் சிவப்பு எண் துடித்து
நிற்கும் வரை
இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.